முத்திரை குத்திய துணி

எங்கள் நெசவாலையில் அவளுக்கு விரல்காரி என்று பெயர், எனக்கு வாய்க்காரி. இரண்டும் பொருத்தமான பெயர்தான். இரண்டு பேருமே கோபித்துக்கொண்டதில்லை.

அவள் சோதனை மேசையில் நின்றாள். நான் அடுத்த தடுப்பில் துணியை மடித்துக் கட்டுகிறவள். தறியிலிருந்து இறங்கிய துணி சாய்வான கண்ணாடிப் பலகைமீது ஓடும்; பலகைக்குப் பின்னால் குழல்விளக்கு எரியும். மற்றப் பெண்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு குறை தேடுவார்கள், ஷிப்ட் முடியும்போது தலையைப் பிடித்துக்கொள்வார்கள். இவள் என் பக்கம் திரும்பிக் கதை பேசிக்கொண்டே நிற்பாள். விரல் மட்டும் ஓடுகிற துணிமேல் இருக்கும். பேச்சுக்கு நடுவில் காலால் மிதியை அழுத்துவாள், துணி நிற்கும். அந்த இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும், இல்லையென்றால் ஓர் இழை விட்டுப்போயிருக்கும். சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடருவாள்.

உருளை முடிந்ததும் துணியின் ஓரத்தில் நீல முத்திரை குத்துவாள். எங்கள் ஆலையில் ஒரு சட்டம் உண்டு: முத்திரை குத்திய துணியை மறுபடி விரிக்கக் கூடாது. விரித்தால் பஞ்சுத் தூசி ஒட்டும், யாருடைய எண்ணெய்க் கையாவது படும், மடிப்பு விழும். குறை தேடப்போய் நாமே குறையை உண்டாக்கிவிடுவோம். புதிதாக வந்த மேலாளர் ஒருவர் சந்தேகப்பட்டு ஒரு கட்டைப் பிரிக்கச் சொன்னபோது விரல்காரி குறுக்கே நின்றுவிட்டாள். “விரிச்சு விரிச்சுப் பார்த்தா நல்ல துணியும் கழிவுல போயிடும் சார்” என்றாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

அந்த விரல்தான் ஒருநாள் குளிக்கும்போது அவளுடைய இடது மார்பில் நின்றது. துவரம்பருப்பு அளவுதான் இருந்ததாம். மறுநாளே மருத்துவமனைக்குப் போனாள். இவ்வளவு சிறியதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மருத்துவர் ஆச்சரியப்பட்டிருக்கிறார். அறுவை சிகிச்சை நடந்தது, அப்புறம் ஊசி மருந்து, அப்புறம் கதிர்வீச்சு. பார்க்கப் போன எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னோம். உன் விரல்தான் உன்னைக் காப்பாத்துச்சு. ஆறுதலான வார்த்தை என்று நினைத்துத்தான் சொன்னோம். அது அவளுக்குள் போய் எப்படி உட்கார்ந்ததென்று யாருக்கும் அப்போது தெரியவில்லை.

சிகிச்சை முடிந்தது. இப்போதைக்கு உடம்பில் எதுவும் இல்லை, குறித்த தேதியில் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன் எங்கள் ஆலையிலேயே தறி ஃபிட்டர். அன்றைக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அவருடைய அக்கா, புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், கோழி வாங்கிச் சமைத்தாள். பிள்ளைகள் இல்லாத வீடு. மூன்று பேரும் நானுமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். நோய் போய்விட்டது என்று அந்த வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், அவளைத் தவிர.

தலைமுடி திரும்பி வந்தது. நாக்குக்கு ருசி திரும்பி வந்தது. விரல் மட்டும் திரும்பவில்லை. ஊசி மருந்து அவள் விரல் நுனிகளை மரக்கவைத்துவிட்டது. கையுறை போட்டுக்கொண்டு தொடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். சோதனை மேசையில் திரும்ப நின்றவள், முதல் வாரமே முடிச்சுகளைக் கோட்டைவிட்டாள். அவளை என் தடுப்புக்கு மாற்றினார்கள். துணி மடிக்க விரல் தேவையில்லை, முதுகு போதும். விரல்காரி என்று கூப்பிடுவதை ஆலையில் மெல்ல நிறுத்திக்கொண்டார்கள். அதைவிடக் கூப்பிட்டே தொலைத்திருக்கலாம்.

எங்கள் வீடுகள் ஆலை கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். குளியலறைச் சுவரும் அதேதான். அவள் குளிக்கப் போனால் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கும். கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிடும். அப்புறம் ஒரு சத்தமும் இருக்காது. நாத்தனார்காரி கதவைத் தட்டுவாள்.

“உள்ள என்னம்மா பண்ற? தண்ணி தீர்ந்துடுச்சா?”

“வரேன் அண்ணி.”

“இதையே எத்தனை தடவை சொல்லுவ?”

கழுத்து, அக்குள், மிச்சமிருந்த மார்பு, தொடை இடுக்கு என்று தடவிக்கொண்டே நிற்பாள். ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள், துணியை மடித்துக்கொண்டே, ஏதோ காய்கறிக் கணக்கு சொல்வதைப் போல.

“எனக்கு ஒண்ணும் தட்டுப்பட மாட்டேங்குது.”

“நல்லதுதானேக்கா.”

“என்ன நல்லது? தட்டுப்படலைன்னா இல்லைன்னு அர்த்தமா, என் விரல் செத்துப்போச்சுன்னு அர்த்தமா? அன்னைக்கு இந்த விரல்தானே சொல்லுச்சு. இன்னைக்கு இருந்தா யாரு சொல்லுவா?”

வாய்க்காரியான நான் அடுத்த துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

தன் விரலை நம்ப முடியாமல் போனதும் அவள் புருஷனின் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஃபிட்டருக்குக் கை நிறையக் காய்ப்பு. ஆனால் ஓடுகிற தறியின்மேல் உள்ளங்கையை வைத்து எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். “ஏங்க, இங்க வாங்க. கழுத்துல தொட்டுப் பாருங்க” என்று கூப்பிடுவாள். சாப்பிடும் கையைக் கழுவிக்கொண்டு வருவார். தொட்டுப் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்பார். அவள் முகம் தெளியும். ஒரு டீ குடித்து முடிக்கும்வரை அந்தத் தெளிவு இருக்கும்.

“ஏங்க, சரியாப் பார்த்தீங்களா? காதுக்குக் கீழ பார்க்கலையே.”

“பார்த்தேன்மா.”

“இன்னொரு தடவை.”

“ஒண்ணுமில்ல.”

“அவசரமாச் சொல்றீங்க.”

இப்படியே ஒருநாள், ஒரு வாரம், ஒரு மாதம். அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் கழுத்து வீங்கியது. வீங்கியதும் கட்டி வந்துவிட்டது என்று மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். திரும்பி வந்த அன்றே மற்றப் பக்கத்தை அமுக்க ஆரம்பித்தாள். “குரங்கு கையில புண்ணு கிடைச்ச கதைதான். ஆறவே விடாது” என்றாள் நாத்தனார்காரி. கடுமையான சொல்தான், ஆனால் பொய்யில்லை. அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவளுக்கோ தன் உடம்பே இருட்டாகிவிட்டது.

பயத்துக்கு மாத்திரை தரலாம் என்றார் மருத்துவர். இனி ஒரு மாத்திரைகூட என் தொண்டையில் இறங்காது என்று அவள் பிடிவாதமாகச் சொன்னாள். சரி, முதலில் மாத்திரை இல்லாத வழியைப் பார்ப்போம் என்று, அதே மருத்துவமனையில் மனநல ஆலோசகராக இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் அனுப்பினார். துணைக்கு வா என்று ஃபிட்டர் என்னையும் கூட்டிப்போனார். பேசுகிற இடத்துக்குப் பேசத் தெரிந்த ஆள் ஒன்று வேண்டும் என்பது அவர் கணக்கு. அங்கே நான் பேசவே இடம் இருக்கவில்லை.

நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஜன்னலில் ஒரு செடி, மேசைமேல் கண் துடைக்கக் காகிதக் கைக்குட்டை. அந்தப் பெண் முதலில் மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தாள். மூக்கு வழியாக இழுத்து, வயிறு எழும்ப வேண்டும். இழுத்ததைவிட மெதுவாக வாய் வழியாக விட வேண்டும். நாங்கள் மூவரும் உட்கார்ந்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டோம். இத்தனை வயதுக்கு மேல் மூச்சு விடக் கற்றுக்கொள்ள பஸ் ஏறி வந்திருக்கிறோமே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மூச்சு டீச்சர் என்று பெயர்.

“அக்கா, உங்க விரல் ஒரு தடவை உண்மையைக் கண்டுபிடிச்சிருக்கு. அதை நிறுத்துன்னா எப்படி நிறுத்தும்?” என்றாள் டீச்சர். “நான் நிறுத்தச் சொல்லலை. மாசத்துல ஒரு நாள், ஒரே தடவை பாருங்க. மத்த நாள் விரலுக்கு வேற வேலை குடுப்போம். பயம் வந்தா விரட்டாதீங்க. சாயங்காலம் உனக்குன்னு நேரம் இருக்கு, அப்ப வான்னு சொல்லுங்க. அந்த நேரத்துல மட்டும் உட்கார்ந்து நல்லாப் பயப்படுங்க. தினமும் நடங்க. சனிக்கிழமை இங்க ஒரு கூட்டம் நடக்குது, அதுக்கும் வாங்க.”

பிறகு ஃபிட்டர் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, உங்களுக்குத்தான் கஷ்டமான வேலை. அக்கா தொட்டுப் பாருங்கன்னு கேட்டா பார்க்காதீங்க. இருக்கு, இல்லைன்னு பதிலும் சொல்லாதீங்க.”

“பதில் சொல்லலைன்னா அழுவாளேம்மா.”

“அழுவாங்க. நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் பயத்துக்குச் சோறு போடறீங்க. தின்னுட்டுக் கொஞ்ச நேரத்துல மறுபடி பசிச்சு வந்து நிக்கும். பதிலுக்குப் பதிலா, பயமா இருக்கான்னு கேளுங்க. பக்கத்துல உட்காருங்க. அவ்வளவு போதும்.”

ஃபிட்டர் தலையை ஆட்டினார்.

“இன்னொண்ணு” என்றாள் டீச்சர். “புதுசா ஒரு வலியோ வீக்கமோ வந்து ரெண்டு வாரமாகியும் போகலைன்னா, அது பயமா நோயான்னு நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க. நேரா இங்க வந்துடுங்க.”

அதற்கும் ஃபிட்டர் தலையை ஆட்டினார். எல்லோருமே ஆட்டினோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று, “அதாவது, முத்திரை குத்தியாச்சு. மறுபடி விரிக்கக் கூடாது. அதுதானே விஷயம்?” என்றார். விரல்காரி சிரித்துவிட்டாள். நான் அவள் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. எங்கள் ஆலைப் பேச்சில் ஒருவர் சொன்னதும் எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. எங்கள் நிறுத்தம் வருவதற்குள் அந்தப் பெண் பேசியதெல்லாம் சுருங்கி இந்த ஒரே வரியாகிவிட்டது.

ஃபிட்டர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். அடுத்த நாளே சட்டம் அமலுக்கு வந்தது. பின்வாசல் படி பயப்படுவதற்கான இடம், சாயங்கால டீக்கு அப்புறம் பயப்படுவதற்கான நேரம். “அழுறதுக்கும் ஷிப்ட் போட்டுட்டானா என் தம்பி?” என்று நாத்தனார்காரி கேட்டாள்.

முதல் நாட்கள் கொடுமையாக இருந்தன. சுவருக்கு இந்தப் பக்கம் நான் சோறு வடித்துக்கொண்டிருப்பேன்.

“ஏங்க, ஒரே தடவைங்க. அக்குள்ள என்னமோ உருளுது.”

“பயமா இருக்கா?”

“பயமா இருக்காவா? செத்துப்போயிடுவேனோன்னு இருக்கு. தொட்டுப் பாருங்க.”

“பக்கத்துல உட்காரட்டுமா?”

“உட்கார வேணாம். தொட்டுப் பாருங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்.”

“முத்திரை குத்தியாச்சும்மா. விரிக்கக் கூடாது.”

“நான் என்ன துணியா?”

பாத்திரம் விழும் சத்தம் கேட்கும். “கல்லாடா நீ? தொட்டுட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா உன் வாய் வலிக்குமா?” என்று நாத்தனார்காரி கத்துவாள்.  ஒருமுறை ஃபிட்டர் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தொடாமல் இருக்க அவ்வளவு பலம் வேண்டியிருந்தது. எனக்கு அந்த டீச்சர்மேல் ஆத்திரமாக வந்தது. அழுகிறவளுக்கு ஒரு வார்த்தை சொல்லாதே என்று சொல்லவா ஒரு படிப்பு என்று தோன்றியது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அது வேலை செய்தது.

கேட்பது குறைந்தது. தினமும் ஷிப்ட் முடிந்து இரண்டு பேரும் ஆலைத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தோம். நான் பேசுவேன், அவள் மூச்சு விடுவாள். விரலுக்கு வேலை என்று டீச்சர் சொன்னபடி அரிசியும் பயறும் கடலையும் ஒரு சட்டியில் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் பிரித்தாள். “எங்கயாவது கலப்படத்தைப் பிரிப்பாங்க. நம்ம வீட்டுல கலந்து வச்சுப் பிரிக்கிறாங்க” என்று நாத்தனார்காரி புலம்பினாலும், ஆறிப்போன டீயைச் சூடு பண்ணி அவள் பக்கத்தில் வைப்பாள். பிரித்ததையெல்லாம் மறுபடி கலந்து வைப்பதும் அவள்தான்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் போவேன். வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். குரல்வளையை எடுத்துவிட்ட ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். தொண்டையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு பேசுவார். “ஆயுசு முழுக்கக் கத்திக் கத்தி டிக்கெட் குடுத்தேன், ஒருத்தனும் காதுல வாங்கலை. இப்ப நான் வாயைத் திறந்தா பஸ்ஸே திரும்பிப் பார்க்குது” என்பார். ஒருநாள் அவர், “எல்லாம் சுத்தமாப் போயிடுச்சுன்னு எப்படிம்மா நம்புறது?” என்று கேட்டார். எப்போதும் வாயே திறக்காத விரல்காரி அன்று பேசினாள்.

“சுத்தமான துணின்னு ஒண்ணை நான் பார்த்ததே இல்லைங்க. இத்தனை குறை வரைக்கும் போகலாம்னு ஒரு அளவு இருக்கு. அதுக்குள்ள இருந்தா முத்திரை குத்தி அனுப்பிடுவோம். அதைத்தான் நீங்கல்லாம் சட்டையா மாட்டியிருக்கீங்க.”

எல்லோரும் தங்கள் சட்டையைக் குனிந்து பார்த்தார்கள். அந்த அறையில் அவ்வளவு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

வெயில் தணிந்து குளிர் ஆரம்பிக்கிற சமயத்தில் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்தவளின் கட்டைவிரல் நின்றது. திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தடவினாள். பிறகு தறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள்.

“முடிச்சு! ஏய், இங்க ஒரு முடிச்சு!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. கடுகளவு. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பக்கத்துத் தடுப்பிலிருந்து யாரோ, “விரல்காரி திரும்பி வந்துட்டாடா” என்று சத்தம் போட்டார்கள். ஃபிட்டர் தறிக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, கிரீஸ் அப்பிய முகத்தோடு, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார்.

கட்டிப்பிடித்தபோது அவள் லேசாக முனகியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. “முதுகு” என்றாள். துணிக் கட்டு தூக்குகிறவர்களுக்கு முதுகு வலிக்காவிட்டால்தான் அதிசயம். எனக்கும் வலித்தது. எல்லோருக்கும் வலித்தது.

நாத்தனார்காரி எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். குறையவில்லை. நடப்பதை நிறுத்தினோம், கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்று. ஒரு சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஃபிட்டர் ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, முதுகு இன்னும் வலிக்குதுங்க.”

“பயமா இருக்கா?”

“பயமில்லைங்க. வலிதான்.”

ஃபிட்டர் துண்டில் கையைத் துடைத்தார். அவர் முகம் ஒரு நொடி மாறியது, எனக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பழைய இறுக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு பாடுபட்டு நிறுத்தியதை மறுபடி ஆரம்பிக்க அவருக்கு மனம் வரவில்லை.

“முத்திரை குத்தியாச்சும்மா” என்றார், கெஞ்சுகிற குரலில்.

அவள் சிரித்தாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போய் உட்கார்ந்தாள். மூக்கு வழியாக இழுத்து வாய் வழியாக விடும் சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. நல்ல பிள்ளையாகப் பாடம் படிக்கிற சத்தம்.

அதற்கப்புறம் அவள் முதுகைப் பற்றிப் பேசவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு ஒரு கௌரவமாகிவிட்டிருந்தது. வலியோடு வேலைக்கு வந்தாள், வலியோடு பயறு பிரித்தாள். குளிர்காலம் முழுக்க இப்படியே போயிற்று.

குறித்த தேதியில் மருத்துவமனைக்குப் போனோம். வாசலில் நாலு படி. இரண்டாவது படியில் அவளால் காலைத் தூக்க முடியவில்லை. சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். எப்போதிருந்து வலி என்று மருத்துவர் கேட்டார். அவள் ஃபிட்டரைப் பார்த்தாள், ஃபிட்டர் தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். முதுகெலும்பில் வந்திருந்தது. எந்த விரலாலும் தொட முடியாத இடம். அவள் விரலும் ஃபிட்டர் விரலும் ஆயுசு முழுக்கத் தடவியிருந்தாலும் அகப்பட்டிருக்காது.

“முன்னாடியே வந்திருந்தா?” என்று கேட்டார் ஃபிட்டர்.

“வைத்தியம் இதுவாத்தான் இருந்திருக்கும்” என்றார் மருத்துவர். “இப்பவும் மருந்து இருக்கு, கட்டுக்குள்ள வைக்கலாம். முழுசா எடுத்துட முடியாது, அவ்வளவுதான். முன்னாடியே வந்திருந்தா வலியைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்.”

மருத்துவர் சொன்னதில் ஃபிட்டர் காதில் கடைசி வார்த்தை மட்டும் விழுந்தது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நடைவழியில் மூச்சு டீச்சர் எதிரே வந்தாள். விஷயம் கேள்விப்பட்டிருந்தாள். “ரெண்டு வாரத்துக்கு மேல வலிச்சா வரணும்னு சொல்லியிருந்தேனே அண்ணா” என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கிவிட்டது.

“சொன்னீங்கம்மா. சொன்னீங்க” என்றார் ஃபிட்டர். “எனக்குப் புரிஞ்சதை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.”

“திரும்பக் கேட்டு உறுதிப்படுத்தியிருக்கணும். அது என் வேலை.”

யார் யாரை மன்னிப்பது என்று தெரியாமல் இரண்டு பேரும் நின்றார்கள். சக்கர நாற்காலியில் இருந்தவள், “வீட்டுக்குப் போலாங்க” என்றாள்.

வீட்டில் நாத்தனார்காரி தம்பியைப் பிய்த்து எடுத்துவிட்டாள்.

“புலி வருது புலி வருதுன்னு அவ கத்தினப்பல்லாம் ஓடி ஓடிப் பார்த்த. நிஜமாவே புலி வந்த அன்னைக்கு முத்திரை குத்தியாச்சுன்னு சொல்லியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?”

“அண்ணி, அவரை விடுங்க” என்றாள் விரல்காரி கட்டிலில் இருந்தபடி. “அவரை மட்டும் சொல்லாதீங்க. எனக்கே அது வலின்னு தெரியும், ஆனா நம்பலை. பயம்தான் வேஷம் போட்டுக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்.”

நாத்தனார்காரி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அன்று அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஃபிட்டர் வேலைக்குப் போனார், வந்தார். பேச்சு மட்டும் நின்றுவிட்டது. அவள் பக்கத்தில் போகவே பயந்தார். வலி மருந்து கொடுக்கும்போதுகூடக் கை படாமல் டம்ளரை நீட்டுவார். ஓடுகிற ஒரு தறியில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றிருந்தார் என்று ஆலையில் சொன்னார்கள். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லையாம்.

விரல்காரி சாயங்கால டீக்கு அப்புறம் பின்வாசல் படிக்குப் போவதை மட்டும் விடவில்லை. நாத்தனார்காரி கையைப் பிடித்து உட்காரவைப்பாள். அவள் மூச்சை இழுத்து விடுவாள். நாத்தனார்காரிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னும் எதுக்கும்மா இந்த மூச்சு? அதான் வந்துடுச்சே.”

“வந்தது முதுகுல அண்ணி. அதுக்கு டாக்டர் மருந்து குடுக்கிறாரு. பயம் வேற இடத்துல இருக்கு. அதுக்கு என்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்.”

அடுத்த நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் என் பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் இடுப்பளவுச் சுவர். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். ஃபிட்டர் வேலையிலிருந்து வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார். உள்ளே போகவுமில்லை, வெளியே வரவுமில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டாள்.

“ஏங்க. தொட்டுப் பாருங்க.”

அவர் அசையவில்லை.

“முதுகுல. நடுவுல. தொட்டுப் பாருங்க.”

வந்து உட்கார்ந்தார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஓடுகிற இயந்திரத்தின்மேல் வைப்பதைப் போல உள்ளங்கையை மெல்ல அவள் முதுகில் வைத்தார். வாயைத் திறந்தார். ஒண்ணுமில்ல என்று சொல்ல முடியாது. முத்திரை குத்தியாச்சு என்று இனி எப்போதும் சொல்ல முடியாது. வேறு வார்த்தை அவரிடம் இல்லை.

“பயமா இருக்கா?” என்றார்.

“ரொம்ப.”

 கூரைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கும்” என்றார். சொன்னதும் உடைந்துபோனார். பெரிய உடம்பு குலுங்கியது. நான் அந்த மனிதர் அழுது பார்த்ததில்லை. அறுவை சிகிச்சை அன்றுகூட அழவில்லை. கையை மட்டும் அவள் முதுகிலிருந்து எடுக்கவில்லை.

அவள் பின்பக்கமாகக் கையை நீட்டி அவர் முழங்காலைத் தேடிப் பிடித்தாள்.

“மூக்கு வழியா இழுங்க” என்றாள். “வயிறு எழும்பணும். இப்ப விடுங்க. வாய் வழியா. மெதுவா, மெதுவா. அவசரமா விடுறீங்க. மறுபடி இழுங்க.”